நாற்பத்தொன்றாம் நம்பர் பெட்டி

எங்கள் ஊரில் டி.வி.யை முன்பக்கம் பார்த்து வாங்கியவர்கள் கிடையாது. படம் எப்படித் தெரிகிறது, சத்தம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. முதலில் பெட்டியைத் திருப்பிப் போடச் சொல்வார்கள். கடைக்காரர் ஹாஜ் மௌலூத், சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிப் பின்மூடியை நீக்கிக் காட்டுவார். உள்ளே போர்டின் ஓரத்தில் ஊதா மையில் ஒரு நம்பர் குத்தியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இது யமீனாவோட கை, தைரியமா எடுக்கலாம்" என்பார்கள். "இது ஷெரீஃபாவா? அவ அவசரக்காரியாச்சே, வேற காட்டுங்க ஹாஜ்" என்றும் சொல்வார்கள். அந்த ஷெரீஃபா நான்தான். என் நம்பர் முப்பத்தெட்டு. அவசரக்காரி என்று பெயர் வாங்கினேனே தவிர, என் கையில் போன பெட்டி எதுவும் புகைந்ததில்லை. அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

நாற்பத்தொன்று மெபார்க்கா. அவள் நம்பர் இருந்தால் யாரும் வேறு பெட்டி கேட்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் அயின் லூஸில் அல்ஜீரிய அரசாங்கம் டி.வி. தொழிற்சாலை திறந்தபோது எங்களுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. சுற்றிலும் கோதுமை வயல், ஆட்டு மந்தை, வருடம் பூராவும் ஓயாத மேட்டுநிலத்துக் காற்று. அதன் நடுவே கண்ணாடிச் சன்னல் வைத்த நீளமான கட்டடம். பெண்களுக்குத் தனி பஸ். குளிர்காலத்தில் பனி கொட்டினால் மசூதிக்குப் பக்கத்து ஏற்றத்தில் பஸ் நின்றுவிடும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். டிரைவர் கோயா சலீம் மட்டும் கம்பளி அங்கிக்குள் கையை விட்டுக்கொண்டு, "தள்ளுங்க பிள்ளைங்களா, நாடு முன்னேறட்டும்" என்பான். அவனைத் திட்டிக்கொண்டே தள்ளுவோம். கையெல்லாம் விறைத்துப் போயிருக்கும். அப்படியே போய் உட்கார்ந்து ஈயப்பற்று வைக்க முடியாது என்பதால், முதலில் சமையல்காரி ஒரு அண்டா நிறையப் பச்சைக் கோதுமைக் கஞ்சி வைத்திருப்பாள். அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு விரல் சூடாகும்வரை ஊர்க்கதை பேசுவோம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டேன். அந்தக் கஞ்சிக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

வரிசையின் கடைசியில் செக்கிங். நானும் மெபார்க்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒவ்வொரு போர்டாகப் பார்த்து, கரண்ட் விட்டு, பற்று சரியில்லாத இடத்தைத் திரும்ப வைத்து, சரி என்று பட்டால் முத்திரை குத்த வேண்டும். ரப்பர் முத்திரையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். வீட்டுக்குப் போகும்போதும் கழற்றுவதில்லை. ஒருநாள் உருகிய ஈயம் ஒரு சொட்டு மெபார்க்காவின் முத்திரையில் விழுந்து, நான்கின் காலில் பொத்தல் விழுந்துவிட்டது. புதிது தருகிறேன் என்றார் மேஸ்திரி. "வேண்டாம், ஊருக்கு இதுதான் பழகிப்போச்சு" என்றுவிட்டாள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. தொழிற்சாலை வாசலில் "நூற்றுக்கு நூறு நம் நாட்டுப் பொருள்" என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். அது முழு உண்மை இல்லை. பிக்சர் டியூப் வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் கப்பலில் வரும். நாங்கள் எல்லோரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். மெபார்க்காவால் இருக்க முடியாது. கடையில் யாராவது அவள் நம்பரைக் காட்டிக் கேட்டால், "டியூப் நம்மளுது இல்ல. அது போச்சுன்னா என்னைத் திட்டாதீங்க. மத்தது எது போனாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்க" என்பாள். தட்டவும் செய்வார்கள். பையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வருவாள்.

தொண்ணூற்றெட்டில் தொழிற்சாலையை மூடினார்கள். கடைசி நாள் காவலாளி வாசலில் பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டினான். எல்லோரும் முத்திரையைக் கழுத்திலிருந்து கழற்றி அதில் போட்டோம். பஸ்ஸில் ஏறியபிறகும் மெபார்க்கா கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பதினோரு வருடம் கழித்துத் தனியார் ஒருவர் அந்தக் கட்டடத்தை மேசை நாற்காலியோடு வாங்கினார். மறுபடியும் டி.வி. என்றார்கள். இப்போது வந்தவை சுவரில் மாட்டும் ஒல்லிப் பெட்டிகள். அட்டைப்பெட்டியின் நான்கு பக்கமும் கொடி, கொடிக்குக் கீழே "அல்ஜீரியாவில் தயாரிக்கப்பட்டது". ஊரே பூரித்துப் போனது. மெபார்க்காவின் மகன் லாயித்துக்கு அங்கே வேலை கிடைத்தது. ஆறு வருடம் வேலையில்லாமல் தெருச் சுவரில் சாய்ந்து நின்றே பொழுதைப் போக்கிய பிள்ளை. அவன் அப்பா போய் ஒன்பது வருடம். அம்மா தையலில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்த மூன்றாம் மாதமே தெருக்கோடி ஸூவீனாவின் மகள் வஹீபாவைப் பேசி முடித்தார்கள். வரும் இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று பேச்சு. "மாப்பிள்ளைக்கு வேலை இருக்கு" என்ற ஒரே வார்த்தையில் முடிந்த சம்பந்தம் அது.

அந்த வசந்த காலத்தில்தான் ஊர்ப் பெண்களின் பொதுக் குளியல் கூடத்தில் பேக்கரிக்காரர் மனைவி மெபார்க்காவைப் பிடித்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன், தலையில் தேய்த்த களிமண்ணோடு.

"ஏன் மெபார்க்கா, திரும்ப வேலைக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்க என்ன கண்ணா வெச்சிருவோம்?"

"எந்த வேலைக்கு?"

"நல்லா கேக்கறா பாரு! உன் நம்பரைப் பாத்துத்தான் புது டி.வி. வாங்கினோம். மூணே மாசம். பாதித் திரை இருட்டு. வயசாச்சுன்னா கை நடுங்கத்தான் செய்யும், ஒத்துக்கோயேன்."

மெபார்க்கா தலையைக்கூடத் துவட்டாமல் எழுந்தாள். நேராகப் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போனோம். இந்தப் பெட்டியில் பதினொரு ஸ்க்ரூ. ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியை நீக்கினாள். போர்டின் ஓரத்தில் ஊதா மையில் நாற்பத்தொன்று. நான்கின் காலில் பொத்தல்.

அவள் முத்திரையைப் பார்த்ததைவிடப் பற்றுகளைத்தான் அதிக நேரம் பார்த்தாள். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. அயின் லூஸில் எந்த மனுஷியும் தொட்ட தடயம் இல்லை. மூடியைத் திரும்பப் போட்டு முடுக்கினாள். "என்ன ஆச்சு?" என்று கேட்ட பேக்கரிக்காரர் மனைவிக்கு, "பாத்துச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். மெபார்க்கா யாருக்கும் அப்படி மழுப்பி நான் கேட்டதில்லை. வழியில், "அந்த ஸ்டாம்பு இருக்கற கட்டடத்துல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருக்கான், ஷெரீஃபா" என்றாள்.

அன்று சாயங்காலம் என்னைப் போக விடவில்லை. ரொட்டியும் மோரும் மிளகாய் வதக்கலும் வைத்தாள். லாயித் வேலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். அவன் விரல் நுனியில் ஊதாக் கறை இருந்தது. இத்தனை நாள் நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

"என் நம்பரை யாருடா குத்தறது?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நான்தான்" என்றான். மறைக்கவில்லை.

"எதுக்கு?"

"நம்பர் இல்லாத பெட்டி இந்த ஜில்லாவுல நகராதுன்னு ஹாஜ் மௌலூத் மாதிரி ஆளுங்க எல்லாரும் சொல்லிட்டாங்க யெம்மா. மேனேஜர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில கொட்டினார். எதையாவது எடுத்துக் குத்துன்னார். உன்னோடத எடுத்தேன்."

"அத்தனை கிடந்துச்சு, என்னோடதுதான் கிடைச்சுதா?"

"வேற யாரோடத எடுக்கணும்? ஷெரீஃபா சித்தியோடதையா?"

என்னுடையதை எடுக்கவில்லையே என்று எனக்கு ஒரு கணம் வருத்தமாக இருந்தது. சிரிக்காதீர்கள், மனசு அப்படித்தான்.

"சரி, நீங்க அங்க என்னதான் செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"பெட்டி வரும் சித்தி. திறப்போம். முன்னாடி சட்டத்தை மாட்டுவோம், காலை மாட்டுவோம், பதினொரு ஸ்க்ரூ முடுக்குவோம். ஸ்டாம்பு குத்துவோம். கொடி போட்ட அட்டைப்பெட்டிக்கு மாத்துவோம்."

"போர்டு?"

"கப்பல்."

"பின்மூடி?"

"கப்பல்."

"ஸ்க்ரூவாவது நம்மளுதா?"

"ஸ்க்ரூவும் கப்பல்தான். பொட்டலம் பொட்டலமா எண்ணிப் போட்டு அனுப்பறான், ஒண்ணு கீழ விழுந்தா தேடி எடுக்கணும்." அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "அந்தப் பெட்டியில நம்ம ஊர்ச் சாமான் உன் நம்பர் ஒண்ணுதான் யெம்மா."

மெபார்க்கா மோர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அதை வெச்சு ஊரை ஏமாத்தறே."

"உங்க காலத்துல டியூப் எங்கேருந்து வந்துச்சாம்?"

"வெளியிலேருந்து. அதை நான் வாயால சொன்னேன்."

"சொல்லி?"

"சொல்லியும் வாங்கினாங்க. அதனாலதான்டா வாங்கினாங்க."

அவன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். பிறகு, "சின்ன வயசுல பஸ் நிக்கற இடத்துக்கு வந்து நிப்பேன்ல. நீ இறங்கறப்ப அது கழுத்துல ஆடும். டப்பாவுல அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சு. வேற எவன் கையிலயும் போயிரக் கூடாதுன்னுதான் எடுத்தேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

"வேலையை விட்டுரு."

"விட்டா? ஸூவீனா அத்தை வேலையில்லாதவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா? அஞ்சு மாசம் பொறுத்துக்கோ. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ சொன்னபடி செய்யறேன்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். ஐந்து மாதம் அவளால் பொறுக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பொறுக்க வேண்டியதே வரவில்லை. ஐந்து நாளில் ஸூவீனா வந்து நின்றாள்.

பெண் வீட்டார் மெத்தை, கம்பளி, பாத்திரம் கொண்டுவருவது எங்கள் வழக்கம். டி.வி. கொடுப்பது வழக்கமில்லை. ஸூவீனாவுக்கு அதைக் கொடுத்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. தறியில் கம்பளி நெய்து மகளை வளர்த்தவள். குரல் பெரிது, மனசும் பெரிது.

"வியாழக்கிழமை வாங்கப் போறேன். நீயும் வரணும். நாற்பத்தொண்ணா பாத்து நீயே எடுத்துக் குடுக்கணும். என் மக வீட்டு டி.வி. அவ மாமியார் கையால ஆனதுன்னு நான் இந்தத் தெரு பூராவும் சொல்ல வேண்டாமா?"

"ஸூவீனா..."

"பேசாதே. மாப்பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கேன். யாரு தூக்கறது பின்ன, நீயா நானா?"

அவள் போனபிறகு மெபார்க்கா என்னிடம், "சொல்லிடப் போறேன், ஷெரீஃபா" என்றாள்.

"சொன்னா அவன் வேலை போயிரும். ஹாஜ் மௌலூத் கடையிலேருந்தே மேனேஜருக்குப் போன் போடுவார்."

"தெரியும்."

"கல்யாணமும் போகும்."

"அதுவும் தெரியும். சம்பந்தி வீட்டுக்கே பொய்யக் குடுத்து அனுப்பிட்டு, அப்புறம் அவ மகளை நான் என்ன முகத்தோட வாசல்ல வரவேற்கறது?"

வியாழக்கிழமை தெற்கேயிருந்து புழுதிக் காற்று அடித்தது. கடைக்குள் எல்லாவற்றின் மேலும் சிவப்பாகப் பொடி படிந்திருந்தது. ஹாஜ் மௌலூத் சம்பந்திகள் வருகிறார்கள் என்று தேநீர், வேர்க்கடலை எல்லாம் வைத்திருந்தார். லாயித் கதவோரம் நின்றான். புதுச் சட்டை போட்டிருந்தான். ஸூவீனா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "திருப்புங்க ஹாஜ்" என்றாள். பதினொரு ஸ்க்ரூ. அத்தனையும் கழற்றும்வரை அவள் ஒருத்திதான் பேசிக்கொண்டிருந்தாள். கம்பளிக்கு எந்தச் சாயம் போட்டிருக்கிறாள், விருந்துக்கு எத்தனை ஆடு, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று.

மூடி வந்தது. ஸூவீனா குனிந்து பார்த்து, விரலால் அந்த ஊதா நம்பரைத் தொட்டாள்.

"இதோ. நாற்பத்தொண்ணு. இது உன் கைதானே மெபார்க்கா? உன் வாயால ஒரு தடவை சொல்லு, கேட்டுக்கறேன்."

மெபார்க்கா வாயைத் திறந்தாள். நான் தயாராக அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஸூவீனாவைப் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கெஞ்சவில்லை, தலையாட்டவில்லை. அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிள்ளை நிற்பதுபோல் நின்றான்.

"என் கைதான்" என்றாள் மெபார்க்கா.

பிடித்திருந்த முழங்கையை விட்டுவிட்டேன். முப்பது வருடப் பழக்கம். மாதச் சம்பளத்தை வெட்டுவேன் என்று மேஸ்திரி மிரட்டியபோதும் ஒரு கோணல் போர்டைச் சரி என்று சொல்லாதவள். அவளா இதைச் சொன்னாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். முகம் காகிதமாக வெளுத்திருந்தது.

ஹாஜ் மௌலூத் முகமெல்லாம் சிரிப்பாக, "அப்புறமென்ன, முப்ரூக், முப்ரூக்!" என்று வாழ்த்துச் சொல்லித் தேநீரை ஊற்ற ஆரம்பித்தார்.

"இல்ல அத்தை."

லாயித் நிலையை விட்டு உள்ளே வந்திருந்தான்.

"அது யெம்மா கை இல்ல. அவங்க பதினோரு வருஷமா அந்தப் பக்கமே வரல. ஸ்டாம்பு குத்தறது நான். உள்ள இருக்கற ஒண்ணும் இங்க செஞ்சது இல்ல. எல்லாம் அப்படியே வருது. இந்த ஊருக்காக நம்பர் மட்டும் போடறோம்."

"டேய், பைத்தியமா உனக்கு!" ஹாஜ் மௌலூத் தேநீரைத் தட்டில் கொட்டிவிட்டார். "வெளிய போடா! உன் மேனேஜர்கிட்ட இப்பவே பேசறேன் பாரு!"

"பேசுங்க ஹாஜ். நானே போறதாச் சொல்லிடுங்க."

ஸூவீனா கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் அவனைவிட மெபார்க்காவைத்தான் அதிக நேரம் பார்த்தாள். "மூடிருங்க ஹாஜ், உள்ள புழுதி போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருவில் நின்று, "அப்ப வேலை?" என்று லாயித்தைக் கேட்டாள்.

"இனிமே கிடையாது அத்தை."

"சரி" என்றாள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு காற்றுக்குள் நடந்து போய்விட்டாள்.

இலையுதிர் காலம் வந்து போனது, கல்யாணம் நடக்கவில்லை. வஹீபா வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஒன்றரை வருடம் வீட்டில் முரண்டு பிடித்தாள். லாயித் செத்தீஃப் நகரத்துக்குப் போய் தண்ணீர்க் குழாய் வேலை பழகி, கையில் நாலு காசு சேர்த்த பிறகுதான் ஸூவீனா மெத்தைகளைத் தைக்கக் கொடுத்தாள். டி.வி. கொடுக்கவில்லை. தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. நம்பர் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். கொடி பெரிதாகியிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் இப்போது டி.வி.யை முன்பக்கம் பார்த்து வாங்குகிறார்கள், மற்ற ஊர்க்காரர்களைப் போல. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வியாழக்கிழமையைப் பற்றி. கடையிலிருந்து நாங்கள் மூவரும் நடந்தே வந்தோம். லாயித் எங்களுக்கு முன்னால், காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தான். வீட்டுக்குள் போய் அவன் அடுப்பில் காப்பி வைக்கப் போனான். மெபார்க்கா முற்றத்துப் படியில் உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி அப்படிச் சொன்னே? சொல்லிடப் போறேன்னு நீதானே சொன்னே?"

"அவன் நின்னான் பாத்தியா, ஷெரீஃபா. பெத்தவ காட்டிக் குடுக்கப் போறான்னு தெரிஞ்சும், வேண்டாம்னு ஒரு சாடை காட்டாம நின்னான். அதைப் பாத்ததும் என்னால முடியல."

"இத்தனை வருஷமாக் காப்பாத்தின பேரு."

"போயிருக்கும். போயிட்டே இருந்துச்சு. செக்கிங்ல ஒரு நாளும் விட்டதில்ல, இன்னிக்கு என் கண்ணு முன்னாடியே தப்பான ஒண்ணு என் கையைத் தாண்டிப் போச்சு. நான்தான் போக விட்டேன்." அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரிக்கவும் செய்தாள். உள்ளேயிருந்து கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, "அவன்தான் பிடிச்சு நிறுத்தினான்" என்றாள்.